இப்போதைக்கு ஓடும்

அன்று முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

ஹாஜியார். கார் அவருடையது. சம்மாந்துறையில் அரிசி மில் வைத்திருந்தார். வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, கக்கத்தில் குடை.

மாப்பிள்ளையின் பெரியவாப்பா, தகப்பனின் அண்ணன். மருதமுனையில் ஆறு தறி போட்டு நெசவு நடத்தியவர். தகப்பன் இல்லாத மாப்பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சுக்கால் எல்லாம் இவர்தான். மாப்பிள்ளை வரவில்லை. கல்யாணப் பதிவான காவின் எழுதும்வரை மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் மிதிப்பதில்லை. அவருக்குப் பதிலாகத் தட்டிப் பார்க்கவும் தடவிப் பார்க்கவும் இவர் வந்திருந்தார்.

பாஸ். பாண்டிருப்பில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக். பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அன்று அவர் கையில் ஒயில் இல்லை. பழக்கம்.

ஹாஜியாரின் மகள். மணப்பெண். கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள். சீலைக்குக் கீழே கால் தெரிந்தது.

நான். டிரைவர்.

எங்கள் பக்கத்தில் சீதனத்தைப் பெண்ணின் பேரில்தான் எழுதுவார்கள். வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் பக்கத்து வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியிருப்பார். ஹாஜியாரும் வீட்டை எழுதச் சம்மதித்திருந்தார். வயல் நான்கு ஏக்கர் எழுதச் சம்மதித்திருந்தார். மருதமுனைக்காரர்கள் காரும் வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை கந்தோரில் கிளாக்கர். கந்தோர் ஜீப்பில் ஓட்டப் பழகியவர். ஹாஜியார் யோசிக்காமல் ஓம் என்றார். காரைக் கொடுக்க அவருக்கு மனம் இருந்தது. காரைத் திருத்தத்தான் மனம் இல்லை.

அது எண்பதாம் வருஷம். பெரும்போக அறுவடை முடிந்திருந்தது.

கார் ஐம்பதுகளில் கப்பலில் வந்த இங்கிலாந்துக் கார். மலைநாட்டுத் தோட்டத்து டொக்டர் ஒருவர் ஓடி, அவருக்குப் பின் இரண்டு பேர் ஓடி, பிறகு ஹாஜியாரிடம் வந்தது. நான் அதை ஓட்டத் தொடங்கியது எழுபத்திரண்டில். அப்போது நாட்டில் ஒரு சாமானும் இல்லை. பாணுக்கே வரிசை. கார்ச் சாமானுக்கு எங்கே போவது? கடைக்காரன் வெறும் இறாக்கைத் தட்டைக் காட்டுவான். பேன் பெல்ட் அறுந்தால் மருதமுனையில் தறி நூல் வாங்கி, எட்டாக முறுக்கி, மெழுகு போட்டுக் கட்டினோம். பெற்றோல் தாங்கி ஒழுகினால் சவர்க்காரம் அப்பினோம். சைலன்சர் ஓட்டையாகினால் பால்மா டின்னை வெட்டிச் சுற்றினோம். அதில் பிழை இல்லை. அன்றைக்கு வேறு வழி இல்லை.

எழுபத்தேழில் ஆட்சி மாறி இறக்குமதி திறந்த பிறகு எல்லாம் வந்தது. கல்முனைக் கடைகளிலேயே பெல்ட் தொங்கியது. கொழும்பில் கேட்ட சாமான் கேட்ட உடனே கிடைத்தது. ஹாஜியார் இரண்டாவது டிராக்டர் வாங்கினார். மில்லுக்குப் புது மோட்டார் வாங்கினார். காருக்கு மட்டும் வாங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். பெட்டியில் வந்த சாமானைப் பற்றி மற்றவர்களிடம் கதைக்க என்ன இருக்கிறது? வாங்கினேன், பூட்டினேன். முடிந்தது. தறி நூலைப் பற்றி என்றால் பள்ளிவாசலடியில் இருந்து ஒரு மணித்தியாலம் கதைக்கலாம். ஹாஜியார் கதைத்தார்.

"என்ட கார் பத்து வருசமா கடச் சாமான் திண்டதில்ல," என்பார். "எல்லாம் நம்மட மூள."

கேட்டவர்களும் தலையாட்டினார்கள். அவர்களிடமும் ஒன்றொன்று இருந்தது. ஒருவர் மோட்டார் சைக்கிளுக்கு மாட்டுத் தோலில் வாஷர் போட்டிருந்தார். ஒருவர் டிராக்டர் ரேடியேட்டருக்குப் புகையிலை போட்டிருந்தார். இவர்கள் கூடினால் சாமான் வாங்கியவன்தான் மடையன்.

பாஸுக்கும் அதே சீக்கு. நல்ல வேலைக்காரர். ஒரு காலத்தில் எஞ்சினைப் பிரித்துப் படங்கில் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு திரும்பப் பூட்டக்கூடியவர். பத்து வருஷம் ஒட்டுவேலை செய்து ஒட்டுவேலைக்காரர் ஆகிவிட்டார். எதைக் கொண்டு போனாலும் ஒரே சொல்தான்.

"இப்போதைக்கு ஓடும்."

எப்போதைக்கு என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

மழைக்கு வைப்பர் வேலை செய்யாது. அதில் ஒரு கயிறு கட்டி ஜன்னலால் உள்ளே எடுத்திருந்தோம். முன் சீட்டில் இருப்பவர் இழுக்க வேண்டும். மழையில் அம்பாறைக்குப் போனால் ஹாஜியார் போக வர இழுப்பார். கை நோகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சூறாவளியில் தென்னை விழுந்து நெளிந்த கூரைக்கு உள்ளிருந்து பலகை முண்டு கொடுத்திருந்தோம். ஏறுகிறவர் தலை அதில் இடிக்கும். இடித்தவரைப் பார்த்து ஹாஜியார் சிரிப்பார்.

இதெல்லாம் சிரிக்கிற காரியம். பிரேக் சிரிக்கிற காரியம் இல்லை.

பிரேக்கின் பெரிய சிலிண்டருக்குள் றப்பர் தேய்ந்துவிட்டது. பாஸ் பழைய டியூபை வெட்டி வட்டமாக்கிப் போட்டார். பிரேக் ஒயிலுக்குப் பதில் ஆமணக்கெண்ணெய் ஊற்றினார். முதல் தரம் மிதித்தால் கால் தரை வரை போகும். இரண்டாம் தரம் மிதித்தால் கொஞ்சம் தட்டுப்படும். மூன்றாம் தரம் மிதித்தால் கார் நிற்கும். நான் பழகிக்கொண்டேன். முன்னால் ஒரு மாடு நின்றால் அரை மைலுக்கு முன்பே மிதிக்கத் தொடங்குவேன்.

அந்தக் காரை உயிரோடு ஓட்டக்கூடியவன் நான் ஒருவன்தான். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். வேறு யாரும் ஓட்ட முடியாத காருக்கு வேறு டிரைவர் வைக்க முடியாது. ஹாஜியாரைச் சொல்கிறேன், பாஸைச் சொல்கிறேன். நானும் அந்தக் கூட்டம்தான்.

மருதமுனைக்காரர் பார்க்க வருகிறார் என்றதும் ஹாஜியார் பாஸைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரப் புதுசாக்கணும் பாஸ்."

"புதுசாக்கிறண்டா சாமான் வேணும் ஹாஜியார்."

"சாமான் வேணாம். புதுசு மாதிரி."

"அது ஏலும்," என்றார் பாஸ்.

மில் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டைக் காருக்கு அடித்தார்கள். கூட்டுகிற தும்புக்கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. ரேடியேட்டர் மூன்று இடத்தில் ஒழுகியது. ஒழுக்கை அடைக்கத் தவிடு போடுவது வழக்கம். ஒரு பிடி போட்டால் போதும். தவிடு ஹாஜியாரின் சொந்த மில் தவிடு. தாராளமாகப் போடச் சொன்னார். பாஸ் அரிசி அளக்கிற சுண்டால் ஒரு சுண்டு போட்டார். ஹாஜியார் தன் கையால் இன்னொரு சுண்டு போட்டார். பிஸ்மி சொல்லிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பெரியவாப்பா வந்தார். காரைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார். கதவைத் திறந்து மூடினார். கதவு மூடியது. அதற்கு நான் உள்ளே கொளுக்கி போட்டிருந்தேன்.

"பச்ச நல்ல பச்ச," என்றார்.

"ஏறிப் பாருங்க மச்சான்," என்றார் ஹாஜியார். "காரைதீவுச் சந்தி வரைக்கும் ஒரு ஓட்டம் போய்ட்டு வாங்க. நான் வரல்ல. நான் வந்தா நான் சொல்லி அவன் ஓட்டுற எண்டு நினைப்பீங்க."

பெரியவாப்பா முன்னால் ஏறினார். பலகையில் தலை இடித்தது. தொப்பியைச் சரி செய்துகொண்டார். சீதனக் காரில் தலை இடித்தால் சொல்லக் கூடாது போல. பாஸ் பின்னால் ஏறினார்.

அறுவடைக் காலம். தெருவில் டிராக்டர்கள். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் மாட்டுவண்டி வேகத்தில் போனது. நான் பின்னால் ஊர்ந்தேன். பெரியவாப்பா சீட்டைத் தடவி, ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்றார். அது ஸ்பிரிங் இல்லை. உள்ளே தேங்காய்த் தும்பு. அப்போது டிராக்டர் திடீரென்று நின்றது. காரணம் தெரியாது. யாரோ கைகாட்டியிருக்க வேண்டும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

கார் நின்றபோது டிராக்டர்ப் பெட்டிக்கும் எங்கள் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அவ்வளவுதான்.

பெரியவாப்பா அப்போதும் சீட்டைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியில் பாஸைப் பார்த்தேன். பாஸ் வயலைப் பார்த்தார். வயலில் ஒன்றும் இல்லை. அறுத்த நெல்லின் ஒட்டுத்தாள்.

என் இடத்தில் இருந்து மாப்பிள்ளை ஓட்டியிருந்தால் ஒரு தரம்தான் மிதித்திருப்பார். கந்தோர் ஜீப்புக்கு ஒரு தரம் போதும்.

சந்தியில் திருப்பி வரும்போது பொனட்டுக்குள் சத்தம் கேட்டது. களபுள என்று கொதிக்கிற சத்தம். நிறுத்தினேன். மூடி தானே கழன்று பறந்தது. உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை. கஞ்சி. இரண்டு சுண்டுத் தவிடு வெந்து, பதமாகி, பொங்கி, பச்சைப் பெயின்ட்டின் மேல் வழிந்தது. ஒரு வாசமும் வந்தது. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன, நோன்பு வாறத்துக்கு முதலே கஞ்சி காச்சிற?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேச்சுக்கால் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. கார் கைமாறாது. யாரும் சாகமாட்டார்கள்.

பெரியவாப்பா இறங்கிப் பொனட்டுக்குள் குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"பாஸ், இது நூலா?"

"ஓம்."

"எந்த ஊர் நூல்?"

"உங்கட ஊர் நூல்தான்."

"நாப்பதாம் நம்பர்! பாத்த உடனே எனக்கு விளங்கிற்று. பாருங்க, எஞ்சின் சூட்டுக்கும் பிரியல்ல. இதுதான் எங்கட நூல். எத்தின மாசம் ஓடுற?"

"பதினொரு மாசம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பெரியவாப்பா.

கஞ்சியை அவர் கேட்கவே இல்லை. தவிடு கொஞ்சம் கூடிவிட்டது என்று மட்டும் சொன்னார். தன் வீட்டுத் தண்ணீர்ப் பம்புக்குப் போட்ட வாழைநார் வாஷரைப் பற்றிப் பாஸிடம் விளக்கினார். பாஸ் கவனமாகக் கேட்டார். இரண்டு பேரும் தெருவோரத்தில் குந்தியிருந்து கதைத்தார்கள். நான் வாய்க்காலில் தண்ணீர் அள்ளி அள்ளி ரேடியேட்டரைக் கழுவினேன்.

திரும்பி வந்ததும் பெரியவாப்பா ஹாஜியாரின் கையைப் பிடித்தார்.

"மச்சான், இது கார் இல்ல. இது ஒரு மனிசன்ட மூள."

ஹாஜியார் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். வட்டிலப்பம் வந்தது. தேத்தண்ணீர் வந்தது. நொத்தாரிசைத் திங்கட்கிழமை கூட்டி வந்து சீதன உறுதிப் பத்திரம் எழுதுவது என்றார்கள். வீடு, வயல், கார். மூன்றையும் ஒரே நாளில்.

நான் முற்றத்தில் நின்றேன். எனக்குக் கதைக்க வராது. ஆனால் திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தப் பிள்ளை அந்தக் காரில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறும். அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"ஹாஜியார்," என்றேன். "பிரேக்."

"என்ன பிரேக்?"

"பிரேக் செய்யணும். புதுசு போடணும்."

"எட்டு வருசமா நீதானே ஓட்டுற? எங்கயாவது முட்டினயா?"

"இல்ல."

"அப்ப என்ன? மறுகா பாப்பம்."

"மாப்பிள்ளைக்கு நீ நாலு நாள் பழக்கு," என்றார் பெரியவாப்பா. "குதிரக்கு ஒரு பழக்கம் இரிக்கிற மாதிரிக் காருக்கும் இரிக்கும்."

பாஸ் துணியால் கையைத் துடைத்தார்.

"இப்போதைக்கு ஓடும்," என்றார்.

அப்போது கதவுச் சீலை அசைந்தது.

"டிரைவர் காக்கா."

பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். பெண் கேட்கிற நாளில் பெண் கதைப்பதில்லை.

"நீங்க மூண்டு தரம் மிதிக்கிற. அவர் எத்தின தரம் மிதிப்பாரு?"

நான் திகைத்துப் போனேன். கல்முனைப் பள்ளிக்கூடத்துக்கு அவளை நான்கு வருஷம் நான்தான் ஏற்றி இறக்கினேன். பின் சீட்டில் புத்தகத்தோடு இருப்பாள். படிக்கிறாள் என்று நினைத்தேன். என் காலைப் பார்த்திருக்கிறாள்.

"ஒரு தரம்," என்றேன்.

"ஒரு தரம் மிதிச்சா?"

"நிக்காது."

ஹாஜியாருக்குக் கோபம் வந்தது. "மகள், உள்ளுக்குப் போங்க. பொம்புளப் புள்ளைக்கு பிரேக் கத என்னத்துக்கு?"

"கார் ஆர்ட பேர்ல எழுதுற வாப்பா?"

"உன்ட பேர்லதான்."

"அப்ப என்ட பிரேக்தானே."

பெரியவாப்பா சிரித்தார். பெண் கெட்டிக்காரி என்றார். சிரிப்பு முடிவதற்குள் அடுத்தது வந்தது.

"பிரேக் போடாம நொத்தாரிசு வந்தா நான் ஒப்பம் வெக்க மாட்டன். காருக்கும் வெக்க மாட்டன். வீட்டுக்கும் வெக்க மாட்டன். வயலுக்கும் வெக்க மாட்டன்."

கால் சீலைக்குக் கீழிருந்து போய்விட்டது.

இதை வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டும். கொடுக்கிறவர் ஒப்பம் வைத்தால் மட்டும் உறுதி செல்லாது. நான் ஏற்றுக்கொண்டேன் என்று பெண்ணும் வைக்க வேண்டும். அவள் வைக்காவிட்டால் வீடு இல்லை. வயல் இல்லை. மருதமுனைக்குக் கொண்டு போக வட்டிலப்பம்தான் இருந்தது.

பெரியவாப்பா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மச்சான்," என்றார். "யோசிச்சுப் பாத்தா பிரேக் முக்கியமான சாமான்தான்."

ஹாஜியார் என்னை முறைத்தார். பாஸை முறைத்தார். குடையை விரித்தார். வெயில் போய்விட்டிருந்தது.

"இவன் தீ வெச்சிட்டான்," என்று என்னைக் காட்டினார்.

மறுநாள் நான் கொழும்புக்குப் போனேன். பாஸ் எழுதித் தந்த துண்டில் பிரேக் சாமான் மட்டும் இருந்தது. புறப்படும்போது வீட்டுக்குள்ளிருந்து வேறொரு துண்டு வந்தது. பள்ளிக்கூட எழுத்து. அதில் பெல்ட், ரேடியேட்டர், வைப்பர், கதவுப் பூட்டு, பெற்றோல் தாங்கி எல்லாம் இருந்தது. ஹாஜியார் அதைப் பார்த்தார். வாசிக்காத மாதிரித் திரும்பிக்கொண்டார். நான் இரண்டு துண்டிலும் இருந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் வேலை என்றார் பாஸ். ஒன்பது நாள் போனது. நொத்தாரிசின் திங்கட்கிழமையும் தள்ளிப் போனது. ஒட்டுவேலைக்கு இடம் பிடிக்க அவர் எல்லாவற்றையும் அராவியிருந்தார். துளைகளைப் பெரிதாக்கியிருந்தார். ஆணி மரைகளைத் தேய வைத்திருந்தார். பெட்டியில் வந்த சாமான் எந்த இடத்திலும் பொருந்தி இருக்கவில்லை. சாமானில் ஒரு பிழையும் இல்லை. அது இருக்க வேண்டிய இடம்தான் இல்லை. பாஸ் ஒவ்வொரு தரமும் சாமானைத்தான் ஏசினார்.

"இந்தக் காலத்துச் சாமான் சரியில்ல."

ஐந்தாம் நாள் ஏசுவதை விட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்தார். அவருக்குக் கண்ணாடி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஒன்பதாம் நாள் காரை வளவுக்குள் கொண்டு வந்தேன். ஹாஜியார் மில்லில் இருந்தார். வரவில்லை. மகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏறினாள். பள்ளிக்கூட நாளில் இருந்த அதே இடம்.

"போங்க காக்கா. தெருவால போய் வாய்க்காலடியில நிப்பாட்டுங்க."

போனேன். வாய்க்காலடியில் ஒரு தரம் மிதித்தேன். கார் நின்றது. என் நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டியது. இவ்வளவு காலம் அந்தக் கார் அப்படி நின்றதில்லை.

"இனி அவர் ஓட்டலாம்," என்றாள்.

ஓம் என்றேன். இனி யாரும் ஓட்டலாம். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு டிரைவர் தேவையில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் சில காலம் ஓட்டியிருப்பேன். அல்லது யாராவது மவுத்தாகியிருப்பார்கள்.

வளவுக்குத் திரும்பியபோது பாஸ் ஒரு படங்கை விரித்து அதில் காரிலிருந்து கழற்றியதையெல்லாம் கொட்டியிருந்தார். எறிய அவருக்கு மனம் வரவில்லை. டியூப் வட்டங்கள், டின் தகடு, பலகைத் துண்டு, கயிறு, செருப்பு அடி, சிகரெட் தாள், சைக்கிள் கம்பி, முறுக்கிய நூல், சவர்க்காரக் கட்டி. தவிடு காய்ந்து கல்லாகி ஒரு அச்சாகக் கிடந்தது. மகள் குந்தியிருந்து ஒரு தடியால் ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளி எண்ணினாள். நாற்பத்தாறு.

"இதெல்லாம் வாப்பா சொல்லி வெச்சதா?"

பாஸ் வானத்தைப் பார்த்தார்.

"எல்லாம் இல்ல," என்றேன்.

"ஆரும் சொல்லாம நீங்களாவே வெச்சது எத்தின காக்கா?"

தடியை என்னிடம் நீட்டினாள். நானும் குந்தினேன். எனக்குத் தெரிந்தவற்றை ஒரு பக்கம் ஒதுக்கினேன். சிலவற்றை வைத்த நாளே ஞாபகம் வந்தது. ஒதுக்கி முடித்து எண்ணினேன். எண்ணிக்கை பிழைத்துவிட்டதோ என்று இன்னொரு தரம் எண்ணினேன்.

பத்தொன்பது.